இன்னொரு சுத்திகரிப்பு நிலையம் வேண்டுமா?

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய்க் கலனுடன் வீதியோரத்தில் காத்து நின்றதை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம். படகைக் கரையேற்றிவிட்டு வந்த கடற்றொழிலாளரும் அவ்வரிசையில் நின்றனர். நாட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் அக்கதி நேர்ந்தது ஏன்? அம்பாந்தோட்டையில் புதிய நிலையம் அமைப்பது பற்றிய விவாதத்தை விளங்கிக்கொள்வதற்கும் இக்கேள்வியே வாயிலாகும்.

பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோன்றியது. அந்நியக் கம்பனிகளின் சொத்துக்கள் அரசின் வசமாயின. நட்டஈட்டுத் தகராறினால் 1963இல் அமெரிக்கா தன் உதவியையே நிறுத்திற்று. அத்தனைக்கும் பின், 1969இல், சப்புகஸ்கந்த நிலையம் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 38,000 பீப்பாயாக இருந்த அதன் கொள்ளளவு பின்னர் 50,000 ஆக உயர்ந்தது. பீப்பாய் ஒன்று 159 லீற்றர். ஆகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் லீற்றர்.

அங்கே நடைபெறுவது யாது? மசகு எண்ணெயை 350 பாகை செல்சியஸ் அளவிற் சூடாக்கி, உயர்ந்த கோபுரமொன்றினுட் செலுத்துகின்றனர். ஆவி மேலே செல்லச் செல்லக் குளிர்கின்றது. சமையல் வாயுவும் பெற்றோலும் உச்சியிற் பிரிகின்றன. அவற்றின் கீழே மண்ணெண்ணெய்; விமான எரிபொருளும் இப்பகுதியினின்றே கிடைப்பது. அதற்குங் கீழே டீசல். அடியில் தங்கும் கரிய கசடே உலை எண்ணெயும் தாருமாகும். நெல்லைக் குற்றினால் அரிசியோடு உமியும் தவிடும் வந்தே தீரும் அல்லவா? அதுபோலவே, பெற்றோல் மாத்திரம் போதுமென்று ஆலைக்குக் கட்டளையிட இயலாது. கசடை உடைத்து டீசலாக்கும் யந்திரங்கள் உண்டு. அவை பெருஞ்செலவு கோருவன. சப்புகஸ்கந்தவில் உலை எண்ணெய் மிகுதியாகவே தேறும். மின் நிலையங்கள் அதனைக் கொள்ளாவிடின் தாங்கிகள் நிரம்பி, ஆலையின் வேகத்தையே குறைக்க நேரும்.

வேறொரு கட்டுப்பாடும் உண்டு. ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைந்த ஆலை அது. ஈரான்மீது தடைகள் வந்தபொழுது, தன் இயல்புக்கு இசைந்த எண்ணெயை வேறிடங்களில் தேட வேண்டியதாயிற்று.

இனி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலர் இன்மையால் அந்நிலையம் மூடப்பட்டது. யந்திரம் பழுதுபடவில்லை, தொழிலாளரும் இருந்தனர். நம் மண்ணில் ஊறாத எண்ணெயை நம் மண்ணில் வடித்தால் மீதமாவது, மசகு எண்ணெயின் விலைக்கும் வடித்த எண்ணெயின் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே. அது சிறிதன்று, ஆயினும் முழு விலையும் அன்று. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, அச்சுமையைக் கடற்றொழிலாளரும் ஏழைகளின் அடுப்புமே முதலில் உணர்ந்தன.

2025 ஜனவரியில் சீனாவின் சினொபெக் நிறுவனத்துடன் 370 கோடி டொலர் முதலீட்டிற்கான உடன்பாடு கைச்சாத்தாயிற்று. நாளொன்றுக்கு 200,000 பீப்பாய் என்பது அத்திட்டம். இது நம் நாட்டின் முழுத் தேவையினும் மிகப் பெரிது. உற்பத்தியிற் பெரும் பங்கு ஏற்றுமதிக்கென்றே கருதப்பட்டது. முதலீடும் வேலைவாய்ப்பும் வருமென்று ஆதரிப்போர் கூறுகின்றனர். அது நியாயமே. ஆனால், ஆலை நம் கரையில் நிற்பதனால் மாத்திரம் அதன் எண்ணெய் நம்முடையதாகிவிடாது. அதில் எவ்வளவு உள்நாட்டுச் சந்தைக்கு, எந்த விலைக்கு, ரூபாவிலா டொலரிலா என்பவற்றை உடன்படிக்கையின் வாசகமே தீர்மானிக்கும்.

சப்புகஸ்கந்தவின் கொள்ளளவை இரட்டிப்பாக்கும் யோசனையோ நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவது. கசடை உடைக்கும் யந்திரமொன்று அங்கே சேருமாயின், வாங்கும் அதே பீப்பாயிலிருந்து கூடுதலான டீசல் தேறும். புதிய ஆலையின் அடிக்கல்லைப் போல அது கண்ணைக் கவராது. எனினும் அவ்விரண்டில் ஒன்றை முதலிற் செய்யச் சொன்னால், அடியேன் அதனையே கேட்பேன்.