மட்டை தூளாக்கும் இயந்திரம்: வேலையும் ஆகவேண்டும், கையும் தப்பவேண்டும்

நன்கு காய்க்கும் தென்னை மரம் ஒன்றிலிருந்து ஆண்டுக்கு 12 முதல் 14 மட்டைகள் விழுகின்றன. 25 அடி இடைவெளியில் நட்ட ஓர் ஏக்கர் தோப்பில் சுமார் 70 மரங்கள் இருக்கும். அப்படியானால் ஆண்டொன்றுக்கு 800 மட்டைகளுக்கு மேல் சேருகின்றன. கீற்று முடைவதும் விறகடுப்பும் குறைந்துபோன இந்நாளில், பல தோப்புகளில் இவை குவிந்து கிடக்கின்றன, அல்லது எரிக்கப்படுகின்றன. டிராக்டரால் இயங்கும் மட்டை தூளாக்கும் இயந்திரம் இவற்றை மூடாக்காகவும் எருவாகவும் மாற்றித் தருகிறது. சொந்தமாக வாங்க இயலாத சிறு விவசாயிகள் இதை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம்.

காய்ந்த அடிமட்டையையே நொடியில் சிதைக்கும் கத்திக்கு மனிதக் கை எம்மாத்திரம்? எனவே, மட்டை போடத் தொடங்குமுன் சில விஷயங்களை அறிந்துகொள்வது அவசியம்.

வாடகை அவசரம் வேண்டாம்

இயந்திரம் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் வாடகை ஏறுகிறது. அடைத்துக்கொண்ட மட்டையை நிறுத்தாமலே இழுத்துவிடலாம் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. இதைத் தவிர்க்க முதல் நாளே ஆயத்தம் செய்ய வேண்டும். மட்டைகளை ஓரிடத்தில், அடிப்பாகம் எல்லாம் ஒரே திசையில் இருக்குமாறு அடுக்கி வைக்கலாம். கல், கம்பி, ஆணி, மண் ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். நெடுநாள் கிடந்த குவியலில் பாம்பும் தேளும் தங்கியிருக்கும். கழியால் தட்டிப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இவ்வாறு செய்தால் வாடகையும் மிச்சம், அவசரமும் இல்லை.

ஒரு நொடியில் ஏழடி

டிராக்டரிலிருந்து இயந்திரத்துக்கு விசை தரும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழல்கிறது. அதன் குறுக்களவு 3 அங்குலம் என்று கொண்டால், ஒரே நொடியில் ஏழடித் துணியைச் சுருட்டிவிடும். நாலு முழ வேட்டி முழுவதும் போக அந்த ஒரு நொடியே போதும். வேட்டி, தோள் துண்டு, சேலை முந்தானை, தொங்கும் சடை, கைவளையல் ஆகியவற்றுடன் இதன் அருகில் யாரும் நிற்கக் கூடாது. கால்சட்டையும், மணிக்கட்டில் பொத்தானிட்ட சட்டையும், காலணியும் அணிய வேண்டும். தண்டின் மேலுள்ள காப்பு உறை உடைந்தோ கழன்றோ இருந்தால் இயந்திரத்தை ஓட விடாதீர்கள். ஓடும் தண்டைத் தாண்டுவதும் கூடாது.

மட்டை செலுத்தும் முறை

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். உருளை முழு வேகம் பெற்ற பின்னரே மட்டையை, அடிப்பாகம் முன்செல்லுமாறு கொடுக்க வேண்டும். வாய்க்கு நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது நலம். உருளை மட்டையைப் பற்றியதும் கையை விட்டுவிட வேண்டும். ஓலை நுனி சட்டைக் கையில் சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுக்கும். துண்டு துணுக்குகளைக் கையாலோ காலாலோ தள்ளாமல், அடுத்த மட்டையைக் கொண்டு தள்ள வேண்டும். செலுத்தும் வாய், கையை முழுவதும் நீட்டினாலும் கத்தியை எட்டாத அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். அதை அறுத்துக் குட்டையாக்கக் கூடாது.

தூள் வெளியேறும் பக்கம் ஆட்களோ கால்நடைகளோ இருக்கக் கூடாது. குழந்தைகளைத் தோப்புக்கே அழைத்து வர வேண்டாம். கண்ணாடி, மூக்கை மூடும் துணி, காது மூடி மூன்றும் தேவை. தனி ஆளாக ஓட்டாமல், டிராக்டரை உடனே நிறுத்தத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். மது அருந்தியவர் இதன் பக்கமே வரக் கூடாது.

அடைத்துக்கொண்டால்

முதலில் பி.டி.ஓ.வை விடுவிக்க வேண்டும். அடுத்து டிராக்டர் எஞ்சினை நிறுத்த வேண்டும். சாவியை எடுத்து, அடைப்பு நீக்குபவரே தம் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சின் நின்ற பின்பும் கனமான உருளை சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். சத்தம் அடங்கி, அது முற்றிலும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அப்போதும் கொக்கியோ கழியோ கொண்டுதான் அடைப்பை எடுக்க வேண்டும்.

பராமரிப்பு

தூளுக்குப் பதில் நார் நாராக வந்தால் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள். மழுங்கிய கத்தி அடைப்பை உண்டாக்கும், டீசலையும் கூடுதலாகக் குடிக்கும். கத்திகளை ஒருசேரச் சாணை பிடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் எடை மாறுபட்டு உருளை அதிரும், பேரிங் தேயும். கத்தி போல்ட்டுகளைத் தினமும் ஸ்பானரால் சோதிக்க வேண்டும். தேய்ந்த போல்ட்டுக்குப் பதில் கடையில் கிடைத்த சாதாரண போல்ட்டைப் போடக் கூடாது. ஓட்டத்தில் அது முறிந்தால் கத்தி கழன்று பறக்கும். பேரிங்குகளுக்கு கிரீஸ் இடுவது, பெல்ட் தளர்வைப் பார்ப்பது, ஒட்டிய தூளைத் துடைப்பது ஆகிய எல்லாவற்றையும் எஞ்சினை நிறுத்திய பின்னரே செய்ய வேண்டும். வாடகை இயந்திரமாயினும், உறையும் போல்ட்டும் சரியாக உள்ளனவா என்று கேட்டுப் பார்க்கும் உரிமை தோப்புக்காரருக்கு உண்டு.

தூளைக் குவிக்காதீர்

தூளை மரத்தைச் சுற்றி ஆறடி வட்டப் பாத்தியில் பரப்பினால் ஈரம் காக்கும், களை குறையும். மட்கும் குவியலாக விட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். எருக்குழியை அடிக்கடி கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். விரல் துண்டாகியிருந்தால் ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி விரலில் நேரடியாகப் படக் கூடாது.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழப்பது பெருகியதால், 1983-ல் ஆபத்தான இயந்திரங்களுக்கென்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆனால், சட்டம் தோப்புக்குள் வந்து நிற்காது. இயந்திரத்தை நிறுத்தி அடைப்பெடுக்க ஐந்து நிமிடம் ஆகலாம். அந்த ஐந்து நிமிட வாடகை, கைக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவே.