வண்டி ஏன் குடைசாய்கிறது?



போன கடலை பறிப்பு சமயத்தில் நம் உறுப்பினர்கள் கூலி வேலைக்குப் போன குட்டியானை வண்டி, கண்மாய்க்கரை வளைவில் குடைசாய்ந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒரு அக்காவுக்குக் கை முறிந்து மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அவருடைய கடன் தவணையைக் குழுதான் சேர்ந்து கட்டியது. நாங்கள் பார்க்கப் போனபோது அவர் சொன்னார்: "டிரைவர் வேகமாக் கூடப் போகலை. எப்படிச் சாய்ஞ்சதுன்னே தெரியலை."

அதற்கான பதிலை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பலகையில் தீப்பெட்டியைப் படுக்கையாக வைத்து, பலகையை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். பெட்டி வழுக்குமே தவிர கவிழாது. அதே பெட்டியைக் குத்தாக நிறுத்திச் சாய்த்தால் பொத்தென்று விழுந்துவிடும். பெட்டியும் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். எடை உயரத்துக்குப் போனது, அடிப்பாகம் குறுகியது. வைக்கோலை உயரமாக ஏற்றிய மாட்டு வண்டி சாய்வதும் இதனால்தான்.

குட்டியானையைப் பாருங்கள். காலியாக இருக்கும்போது அதன் எடை எல்லாம் கீழேதான் இருக்கிறது. அதில் 20 பேர் ஏறி நின்றால், ஆளுக்கு 50 கிலோ என்றாலும் 1,000 கிலோ, அதாவது ஒரு டன். அந்த வண்டியே ஒரு டன்னுக்கும் குறைந்த சுமைக்காகச் செய்தது. அதோடு, நிற்பவர்களின் எடை வண்டித் தளத்துக்கு மேலே, இடுப்பு உயரத்தில் நிற்கிறது. வளைவில் திரும்பும்போது எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறோம். வண்டியும் கூடவே சாய்கிறது.

இதில் வேகத்தின் கணக்கு முக்கியம். ஒரே வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 40-ல் போனால், வெளிப்பக்கம் தள்ளும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும். காலி வண்டிக்குச் சாதாரணமான வேகம், ஆட்கள் நிற்கும் வண்டிக்கு ஆபத்தான வேகம். அந்த அக்காவின் கேள்விக்கு இதுதான் பதில்.

ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் ஒரே சக்கரம். திரும்பிக்கொண்டே பிரேக் போட்டால் எடை முன் மூலைக்குப் போகும். அந்த மூலையில் தாங்கச் சக்கரம் இல்லை. டிராக்டரில் இறக்கத்தில் பிரேக் போட்டால், பின்னால் உள்ள டிரெய்லர் டிராக்டரைத் தள்ளித் திருப்பிவிடும். தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரம் மண்ணில் இறங்கும்போது டிரைவர் வெடுக்கென்று ஒடித்தாலும் வண்டி கவிழும்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ அல்லாமல், வெறும் பயணியாக ஏறியவருக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி முதலாளியிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் இல்லை என்றால் நம் பாடுதான் திண்டாட்டம்.

நாம் செய்யக்கூடியவை:

1. வேலைக்குக் கூப்பிடும்போதே "என்ன வண்டி, எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பஸ் அல்லது வேன் வேண்டும் என்று குழுவாகச் சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். எல்லோரும் சேர்ந்து சொன்னால் கேட்பார்கள்.

2. ஷேர் ஆட்டோவில் இடம் இல்லை என்றால் அடுத்த நடைக்குக் காத்திருங்கள்.

3. மூட்டை முடிச்சுகளைக் கூரையில் ஏற்றாமல் கீழே வையுங்கள்.

4. டிராக்டரில் மட்கார்டு மேல் உட்காரவே கூடாது.

5. வளைவுக்கு முன்பே "மெதுவாப் போப்பா" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். வளைவில் பிரேக் போடுவதைவிட, வளைவுக்கு முன்பே வேகம் குறைப்பதுதான் நல்லது.

6. விபத்து நடந்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். கழுத்து, முதுகில் அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்கி இழுக்க வேண்டாம்.

வேனுக்கு ஆளுக்குப் பத்து, இருபது ரூபாய் கூடத்தான் ஆகும். அந்தக் காசையும், மூன்று மாதக் கூலி போனதையும் அடுத்த கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தீப்பெட்டிச் சோதனையையும் செய்து காட்டுங்கள். என்ன முடிவு எடுத்தீர்களோ, அதைத் தீர்மான நோட்டில் எழுதி, நாங்கள் வரும்போது காட்டுங்கள்.