யாம் விழையும் சில திரைப்படங்கள்

சினிமா என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே முகஞ் சுளிப்பார் ஒரு சாராரும், அச்சொல்லைக் கேட்ட அளவிலே ஊணும் உறக்கமும் மறப்பார் மற்றொரு சாராருமாக இவ்வுலகம் இரு கூறுபட்டுக் கிடக்கின்றது. யாம் இரண்டாவது கூட்டத்தைச் சார்ந்தோம் என்பதை முதற்கண்ணே கூறிவிடுதல் நலம். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர் இதனைச் சொல்ல நாணவேண்டும் என்பது எம் நண்பர் சிலரது கருத்து. அஃது எமக்கு உடன்பாடன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்திலே மெய்ப்பாட்டியல் என ஓர் இயல் உளது. உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழியாகப் புறத்தார்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. கண் சிவத்தலும், இதழ் துடித்தலும், கை நடுங்குதலும் முகத்தருகே வைத்த கருவியினாற் பிடிக்கப்பட்டுச் சுவரளவு பெருகித் தோன்றும் இக்காலத்துக்கு அவ்வியலினும் பொருத்தமான நூல் வேறு யாது?

அழுகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என்பர் ஆசிரியர். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்பட்டு எளியனாதல் இளிவு, உற்றாரையேனும் உடைமையையேனும் இழத்தல் இழவு, முன்னை நிலை கெட்டுத் தளர்தல் அசைவு, வறுமையை விளக்கவேண்டுவதில்லை. எம் உள்ளத்தைக் கவர்ந்த படங்களை ஒருநாள் எண்ணி வரிசைப்படுத்தினோமாக, அவற்றுட் பெரும்பாலான இந்நான்கனுள்ளே அடங்கக் கண்டு வியந்தோம். நகையும் வெகுளியும் பொருளாகவுடைய படங்களை யாம் வெறுப்பேம் அல்லேம். கண்டு களித்து அன்றே மறந்துவிடுகின்றோம். மறவாது நின்றவற்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவற்றுள் முதற்கண் வைத்தற்குரியது, 1948-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் விட்டோரியோ டி சிக்கா என்பார் இயக்கிய 'சைக்கிள் திருடர்கள்.' இரண்டாம் உலகப் பெரும்போர் முடிந்து மூன்று ஆண்டுகளே கழிந்த ரோமாபுரி. வேலையில்லாத் திண்டாட்டம். அண்டோனியோ ரிச்சி என்பானுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை ஒன்று கிடைக்கின்றது. ஆனாற் சைக்கிள் உடையவனுக்கே அவ்வேலை. அவனது சைக்கிளோ அடகில் இருக்கின்றது. அவன் மனைவி மரியா கட்டிலின் விரிப்புக்களை உருவி எடுத்துப் பொதிந்து கொண்டுபோய் அடகு வைக்கின்றாள். அவ்விடத்திலே இயக்குநர் செய்யும் செயலொன்று நம் நெஞ்சை விட்டு அகலாது. அடகு நிலையத்துப் பணியாள் அம்மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கூரையளவு உயர்ந்த தட்டுக்களின்மீது படிப்படியாக ஏறுகின்றான். ஏற ஏறத் தட்டுக்கள் வளர்ந்துகொண்டே போகின்றன. அவற்றில் அடுக்கப்பட்டிருப்பன எல்லாம் இவ்வாறே வந்த விரிப்பு மூட்டைகள்! நகரத்தில் எத்துணைக் குடும்பத்தார் வெறுங்கட்டிலிற் படுக்கின்றனர் என்பதைச் சொல்ல ஒருவரும் வாய் திறவவில்லை. யாமும் அவ்விடத்திற் பேசவேண்டுவதில்லை.

வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகின்றது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தந்தையும் புரூனோ என்னும் சிறுவனும் தெருத்தெருவாக அதனைத் தேடி அலைவதே எஞ்சிய கதை. கதை என்று சொல்லுதற்கும் அதிகமாக ஒன்றுமில்லை. ஓர் ஏட்டுப் பக்கத்திற் பாதியில் எழுதி முடிக்கலாம். மாலையில், பந்தாட்ட அரங்கின் புறத்தே நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நிற்கக் காண்கின்றான் அண்டோனியோ. மைந்தனை டிராம் வண்டியிற் போகுமாறு பணித்துவிட்டுத் தனித்து நின்ற ஒரு சைக்கிளைத் தானே எடுத்துக்கொண்டு ஓடுகின்றான், அகப்படுகின்றான். வண்டியைத் தவறவிட்ட புரூனோ, ஊரார் தன் தந்தையைச் சூழ்ந்து அறைவதைக் காண்கின்றான். விழுந்து கிடந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகின்றான். சைக்கிளுக்கு உரியவன் அச்சிறுவனது முகத்தைப் பார்த்து, வழக்கு வேண்டாமென்று விட்டுவிடுகின்றான்.

இதனை வறுமையின் படம் என்று பலரும் எழுதுவர். வறுமை இதற்கு வாயிலேயன்றி உள்வீடன்று என்பது எம் துணிபு. படம் முழுவதும் வறுமை உண்டு. ஆயினும் அண்டோனியோ ஈற்றிலன்றிக் கண்ணீர் விட்டானல்லன். தான் ஈன்ற மகன் பார்த்திருக்கத் தான் கள்வனாக நின்ற அந்த இளிவே அவனை அழுவிக்கின்றது. அப்பொழுது புரூனோ ஒன்றும் கூறாது தன் கையை நீட்டித் தந்தையின் கையைப் பற்றுகின்றான். அதனை மன்னிப்பு என்பாரும், துணை என்பாரும் உளர். யாம் அதற்குப் பெயரிடத் துணியோம்.

இப்படத்தின் பெயர் அமெரிக்காவில் 'சைக்கிள் திருடன்' என ஒருமையில் வழங்கலாயிற்று. ஓரெழுத்தும் ஓரீறும் மாறினாற் பொருள் எங்ஙனம் கெடும் என்பதற்கு இலக்கண மாணவர்க்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் கிட்டாது. திருடர்கள் என்னும் பன்மையிலன்றோ கதையின் கொடுமை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது! அண்டோனியோவாகத் தோன்றிய லம்பெர்ட்டோ மஜ்ஜொரானி நடிகர் அல்லர், தொழிற்சாலையில் வேலைபார்த்தவர். புகழ்பெற்ற நடிகர் ஒருவரை அவ்விடத்தில் நிறுத்தியிருந்தால், 'இவர்க்கு ஒரு குறையும் வாராது' என்று நாம் மனந்தேறி இருந்திருப்போம்.

1950-ஆம் ஆண்டில் இலண்டனுக்குச் சென்றிருந்த வங்காள இளைஞர் ஒருவர் இப்படத்தைக் கண்டார். தாமும் இங்ஙனமே படம் எடுத்தல் வேண்டும் என்று உறுதி கொண்டார். அவரே சத்யஜித் ராய். விபூதிபூஷணரது நாவலைத் தழுவி அவர் எடுத்த 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வெளிவந்தது. ஒளிப்பதிவு செய்த சுப்ரத மித்ரா அதற்குமுன் சலனப்படக் கருவியை இயக்கிப் பழகாதவர். பணமும் இல்லை. மனைவியின் நகைகள் அடகுக்குச் சென்றன. ஈற்றில் மேற்கு வங்காள அரசாங்கத்தார் பொருள் உதவினர். அப்புவும் துர்க்காவும் நாணற் பூக்களின் நடுவே நின்று புகைவண்டி காணும் காட்சியைப் புகழாதார் இல்லை. அக்காட்சியின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மறுவாரம் வந்து பார்த்தபோது, அப்பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்து முடித்திருந்தனவாம். மறுபடியும் பூக்குங்காறும் ஓராண்டு காத்திருந்து எஞ்சியதை எடுத்தனர். கலைஞர்க்குப் பொறுமை வேண்டும் என்று மேடைகளிற் பேசுவார்க்கு இச்செய்தி பயன்படும்.

எமக்கு அக்காட்சியினும் சிறந்தனவாகத் தோன்றுவன வேறிரண்டு. துர்க்கா காய்ச்சலில் இறந்தபின், ஒன்றும் அறியாத தந்தை ஹரிஹரன் நெடுநாட் கழித்து வீடு திரும்புகின்றான். கொணர்ந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகின்றான். மகளுக்கென்று வாங்கிய சேலையை மனைவியின் கையிற் கொடுக்கின்றான். அவள் அதனைப் பற்களாற் கவ்விக்கொண்டு கதறுகின்றாள். ஆனால் அக்கதறல் நம் செவிக்குக் கேளாது! அவள் வாய் திறந்திருக்க, தார்ஷெனாய் என்னும் நரம்பிசைக் கருவி ஒன்று உச்சத்தில் அலறுகின்றது. தாயின் குரலைக் கேட்டிருந்தால் ஒரு தாயின் அழுகையையே கேட்டிருப்போம். குரலை நீக்கியதனால் அவ்விழவு எல்லார்க்கும் பொதுவாயிற்று. மற்றொன்று இதனினும் அடங்கிய காட்சி. ஊரை விட்டுப் புறப்படும்போது, தமக்கை முன்னர்த் திருடி ஒளித்து வைத்த மணிமாலை அப்புவின் கையில் அகப்படுகின்றது. அவன் அதனைக் குளத்தில் எறிகின்றான். நீர்மேற் படர்ந்த பாசி விலகி, மெல்ல மெல்ல மீண்டும் கூடிக்கொள்ளுகின்றது. இறந்தவளது குற்றம் இனி ஒருவர்க்கும் தெரியாது. ஒரு சிறுவன் பெரியவனாகும் கணத்தை இத்துணைச் சிறிய செயலிலே காட்டிய படம் வேறொன்று இருப்பின் யாம் கண்டதில்லை.

சாப்ளினது 'நகர விளக்குக'ளை (1931) யாம் விட்டுவிட்டோம் என்று எண்ணற்க. பேசும் படம் உலகெங்கும் பரவிவிட்ட காலத்திலே, பேச்சே இல்லாத படத்தை வேண்டுமென்றே எடுத்த அவரது பிடிவாதம் எமக்கு மிகவும் உவப்பானது. தொடக்கத்திலே சிலை திறக்க வந்த பெரியோரது சொற்பொழிவு வெறும் கீச்சொலியாகவே கேட்கும். ஆண்டு விழாக்களில் நெடிய சொற்பொழிவு கேட்டு உட்கார்ந்திருந்தார்க்கெல்லாம் அதன் சுவை தெரியும்! கண் பெற்ற பூக்காரி, தனக்குக் கண் தந்தவன் இக்கந்தை உடுத்தவனே என்று அவன் கையைத் தொட்டு அறியும் முடிவைப் பற்றி எழுதினோர் பலராதலின் இவ்வளவில் நிறுத்துகின்றோம்.

இனி, எம் நண்பர்கள் 'நகராத படம்' என்று பெயரிட்டுள்ள ஒன்றைப் பற்றிச் சிறிது விரித்து எழுதவேண்டும். அது ஜப்பான் நாட்டு யசுஜிரோ ஓஸு 1953-இல் எடுத்த 'டோக்கியோ கதை.' ஒனோமிச்சி என்னும் கடற்கரை ஊரிலிருந்து முதிய தம்பதியர் தலைநகரில் வாழும் மக்களைக் காணச் செல்லுகின்றனர். மகன் மருத்துவன், மகள் கூந்தல் ஒப்பனைக் கடை வைத்திருப்பவள். இருவர்க்கும் ஓய்வில்லை. பெற்றோரை வெளியே அழைத்துச் செல்லப் புறப்பட்ட ஞாயிறன்று மருத்துவனை நோயாளி வீட்டார் வந்து அழைக்கின்றனர். பெற்றோரை அட்டாமி என்னும் வெந்நீர்ச் சுனை ஊருக்குச் செலவு கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். ஆண்டோ இளைஞர் இரவெல்லாம் ஆடிப்பாடும் ஆரவாரம், முதியோர்க்கு உறக்கமில்லை. அன்போடு உபசரிப்பவள் ஒருத்தியே. போரில் இறந்த மற்றொரு மகனது கைம்பெண்டாகிய நோரிகோ. செட்சுகோ ஹாரா அப்பாத்திரமேற்று நடித்தார். ஊர் திரும்பிய சின்னாளில் தாய் இறக்கின்றாள். மகள் ஊருக்குப் புறப்படும்போதே துக்க உடையையும் எடுத்து வருகின்றாள். பிரிவுக்கு வாய்விட்டு அழுகின்றாள். அழுத ஈரம் புலராமுன் தாயின் ஆடைகளுள் இன்னது தனக்கு வேண்டும் என்கின்றாள்.

அவளைப் பேய் என்று வைதார் எம் நண்பர் ஒருவர். அங்ஙனம் வைதல் எளிது. ஆனால் ஓஸு அவளை வையவில்லை. அவள் தாயின்மேல் அன்பில்லாதவள் அல்லள். அவளுக்குக் கடை உண்டு, கணவன் உண்டு, நாளைக்குச் செய்யவேண்டிய வேலை உண்டு. கொடியவர் ஒருவரும் இல்லாத கதை இது. ஒருவரும் கொடியவர் அல்லராகவே அம்முதியோர் தளர்ந்து போகின்றனர். தொல்காப்பியனார் அசைவு என்றது இதனையே போலும். ஊரிலே தாய்தந்தையரை விட்டு விடுதியில் வாழ்ந்து, விடுமுறைக்குச் செல்லும்போதும் இரண்டாம் நாளே திரும்பும் வண்டியை நினைக்கின்ற எம்மனோர் இப்படத்தைக் காணும்போது நெஞ்சு குறுகுறுப்பதற்குக் காரணம், அம்மகள் பேயாக இல்லாமையே.

'நகராத' தன்மையைப் பற்றி ஒரு வார்த்தை. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே ஓஸு ஆளில்லாத படங்களை வைப்பார். புகைபோக்கிகள், கொடியில் உலரும் துணி, கழியிற் செல்லும் படகு. கருவியும் பாயிலமர்ந்தார் கண்ணளவிற்குத் தாழ்ந்தே இருக்கும், பெரும்பாலும் அசையாது. சங்கச் செய்யுளைப் பயின்றார்க்கு இது புதுமையாகத் தோன்றக் காரணமில்லை. தலைவி தன் துயரைச் சொல்லாது நாரையையும் நெய்தலையும் சொல்லி நிறுத்தும்போது, அக்கருப்பொருளினின்று இறைச்சிப் பொருளை நாமே கொள்ளுகின்றோமல்லமோ? ஓஸுவின் வெற்றிடங்களும் அத்தகையனவே. படத்தின் தொடக்கத்தில் சாளரத்தருகே வந்து இருவரோடும் பேசிய அண்டை வீட்டுப் பெண்டு, ஈற்றிலும் அதே சாளரத்தருகே வருகின்றாள். உள்ளே ஒருவரே அமர்ந்திருக்கின்றார். அவராக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது வயது 49 என்று அறிந்து யாம் திகைத்தோம். இத்தகைய படத்தைக் கைத்தொலைபேசியின் சிறு திரையிற் பேருந்தில் நின்றுகொண்டு பார்த்துவிட்டு நகரவில்லை என்று கூறுவது நியாயமன்று.

தமிழில் இத்தகையன இல்லையோ என்பர். 1931-இல் வந்த 'காளிதாஸ்' முதற்கொண்டு நம் பேசும் படங்கள் பாட்டோடு பிறந்து பாட்டோடு வளர்ந்தவை. பாட்டை யாம் பழிக்கவில்லை. ஆயினும் துயரம் முற்றிய இடத்திற் பாட்டு வந்து அத்துயரத்தைத் தாலாட்டி உறங்கச் செய்துவிடுகின்றது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப்படமாகிய 'அந்த நாள்' 1954-இல் வெளிவந்தது. அதனை இயக்கிய எஸ். பாலசந்தர் வீணையிற் பெரும்புகழ் எய்திய வித்துவான் என்பது நினைந்து நகைத்தற்குரியது. இசையின் அருமை அறிந்தாரன்றோ அதனை எங்கே விடலாம் என்பதும் அறிவார்!

எம் உள்ளத்திற்கு மிக அண்ணியது பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அதிலும் பாட்டு இல்லை. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய நெருக்கடியில், அலுவலகத்திற் பணிபுரியும் சுதா என்னும் பெண் தானே ஒரு வீடு கட்டத் துணிகின்றாள். பாட்டனார்க்கு உரிய மனை உண்டு, பணம் இல்லை. கடன், விண்ணப்பம், கையூட்டு, மீண்டும் விண்ணப்பம். ஒப்பந்தக்காரன் சிமெண்டைத் திருடி விற்கின்றான். அதனை வெளிப்படுத்துபவள் சித்தாள் மங்கம்மா. சுதாவாக நடித்த அர்ச்சனா சிறந்த நடிகைக்குரிய தேசிய விருதைப் பெற்றார். ஆயினும் யாம் மறவாதவர், பாட்டனாராகத் தோன்றிய சொக்கலிங்க பாகவதரே. பழைய நாடக மேடையில் வளர்ந்த அம்முதியவர், கட்டி முடியாத அவ்வீட்டினுள் தனியே நுழைந்து, பூசப்படாத சுவர்களைக் கையாற் தடவிக்கொண்டு அறை அறையாக நடக்கின்றார். முகத்திலே குழந்தையின் மகிழ்ச்சி. அதன்பின் அவர் நெடிது வாழ்ந்திலர்.

வீடு ஒருவாறு எழுந்து நிற்கும் வேளையில், அந்நிலம் குடிநீர் வாரியத்தின் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது என்று அறிவிக்கப்படுகின்றது. இம்முடிவு வலிந்து புகுத்தியது என்று குறை கூறுவாரும் உளர். யாம் அங்ஙனம் கருதோம். முதற் காட்சிதொட்டு அவ்வீடு செங்கல்லால் மட்டும் எழவில்லை. தாளாலும் முத்திரையாலும் எழுந்தது. ஒரு கையொப்பத்திற்காக அவள் எத்துணை மேசைகளின்முன் நின்றாள் என்பதைப் பொறுமையோடு எண்ணி வந்தவர்க்கு, மற்றொரு மேசையிலிருந்து மற்றொரு தாள் வருவது வியப்பாகத் தோன்றாது.