ஓவியத்தின் முன் 21 விநாடி

சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில், வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவல் நிற்க, பெரிய கலைக்கூடம் ஒன்று இருக்கிறது. ஆர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் சிகாகோ என்பது அதன் பெயர். 1893-இல் விவேகானந்தர் பேசிய சர்வசமயப் பேரவை கூடியதும் இதே கட்டடத்தில்தான். இன்று அதன் சேகரிப்பில் சுமார் 3 லட்சம் கலைப்பொருள்கள் உள்ளன. அங்கே வருகிறவர்கள் பேர்பெற்ற ஓவியங்களின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் ஒதுங்கி நின்று கணக்கெடுத்து 2017-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் 21 விநாடிக்குள் அடுத்த ஓவியத்துக்கு நகர்ந்திருந்தார்கள்.

21 விநாடியில் என்ன தெரியும்? விழித்திரையின் நடுவே உள்ள சிறு குழி ஒன்றுதான் எதையும் துல்லியமாகக் காட்டுகிறது. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால், அந்த விரலின் அகலம் மறைக்கும் இடமே அதன் எல்லை. மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம்விட்டு இடம் தாவுகிறது.

குஸ்தாவ் கைபோட் 1877-இல் வரைந்த 'பாரிஸ் தெரு, மழை நாள்' இந்தக் கலைக்கூடத்தின் பெருமைகளில் ஒன்று. உயரம் இரண்டு மீட்டருக்கு மேல், அகலம் ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் ஒரு பார்வைக்குள் துல்லியமாக அடங்குவது பத்து சென்டிமீட்டர் வட்டம்தான். 21 விநாடியில் அறுபது தாவல் என்று வைத்துக்கொண்டாலும் ஓவியத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மிச்சத்தை மூளை ஊகத்தால் நிரப்பிவிட்டு, 'பார்த்தாயிற்று' என்று கிளம்பிவிடுகிறது.

நின்று பார்த்தவருக்குக் கிடைப்பது வேறு. மழை ஓவியம் என்கிறோம். ஒரு துளிகூட விழுவதாக அதில் இல்லை. ஈரத்தில் பளபளக்கும் கல் பாவிய தெருவும் விரிந்த குடைகளும்தான் மழையைச் சொல்கின்றன. நட்ட நடுவே ஒரு பச்சை விளக்குக்கம்பம் படத்தை இரண்டாகப் பிளக்கிறது. முன்னால் ஆளுயரத்துக்கு வரும் தம்பதி இடப்பக்கம் எதையோ பார்க்கிறார்கள். வலது ஓரத்தில் சட்டத்தால் பாதி வெட்டுப்பட்ட ஒருவர் தன் குடையுடன் அவர்கள் மேல் இடிக்கப்போகிறார். முகத்திரைக்குக் கீழே அந்தப் பெண்ணின் காதில் சிறு தோடு ஒன்று மின்னும். கண் அதைச் சென்றடைய நேரம் பிடிக்கும்.

பிடித்த ஓவியம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு நம்முடையது என்ற கேள்விக்கும் கைபோட் வருகிறார். பணக்காரரான அவர் மோனே, ரெனுவார் போன்ற நண்பர்களின் படங்களை வாங்கிச் சேர்த்து, 1894-இல் இறந்தபோது பிரெஞ்சு அரசுக்கு எழுதி வைத்தார். அரசு தயங்கித் தயங்கி ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. அருங்காட்சியகச் சுவரில் ஏறியவை புத்தகங்களிலும் ஏறின. கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங் நூலகப் புத்தகங்களைப் புரட்டி, எந்தப் படம் எத்தனை முறை அச்சாகியிருக்கிறது என்று எண்ணினார். அடிக்கடி அச்சானவையே பெரும்பாலும் மாணவர்களுக்கும் பிடித்திருந்தன. பிறகு ஒரு பாடவேளைத் தொடர் முழுக்க, அதிகம் அச்சாகாத படங்களை விளக்கம் ஏதுமின்றித் திரையில் காட்டிவந்தார். முடிவில் பிரபலப் படங்களுக்கு இருந்த சாய்வு மறைந்துவிட்டது.

அப்படியானால் பழக்கம்தான் ரசனையா? அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது. 2013-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க வணிக ஓவியர் தாமஸ் கின்கேடின் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்க்கப் பார்க்க விருப்பம் குறைந்தது. திரும்பப் பார்ப்பது நல்லதை வளர்க்கும், பொய்யைக் காட்டிக்கொடுக்கும் என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றிலும் வியப்பானது மூளைக்குள் நடப்பது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வெஸ்ஸலும் அவருடைய குழுவினரும் 16 பேரை, மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, பரவலாக அறியப்படாத 109 கலைப்படைப்புகளைக் காட்டி, ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு மனத்தை அசைக்கிறது என்று 1 முதல் 4 வரை மதிப்பெண் கேட்டார்கள். 2012-இல் முடிவு வெளியானது. ஒருவருக்கு 4 ஆனது இன்னொருவருக்கு 1 ஆக இருந்தது. அவர்களுக்குள் ஒற்றுமை மிகக் குறைவு. பார்வைக்குரிய பகுதிகளில் மதிப்பெண் ஏற ஏறச் செயல்பாடும் படிப்படியாக ஏறியது. ஆனால் நாம் நம்மைப் பற்றி யோசிக்கும்போதும் பழையதை நினைக்கும்போதும் விழிக்கிற ஒரு வலைப்பின்னல் மூளையில் உண்டு. வெளியே கவனம் போனால் அது அடங்கிவிடும். 1, 2, 3 வாங்கிய படங்களுக்கு அது அடங்கியே கிடந்தது. 4 வாங்கியபோது மட்டும் அந்த அடக்கம் தளர்ந்தது. பிடித்தது, மிகவும் பிடித்தது என்ற ஏணியில் கடைசிப் படி மட்டும் தனி உயரம்.

அந்தப் படி எந்தச் சட்டத்துக்குள் இருக்கிறதென்று வழிகாட்டி நூல் சொல்ல முடியாது. 3 லட்சத்தையும் பார்த்து முடிக்கும் ஆசையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். ஒரு கூடத்தை வேகமாகச் சுற்றி வந்து, காலை நிறுத்திய ஒரே ஒரு படத்திடம் திரும்பிப் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். பெயர் அட்டையை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.