கையெழுத்துக்கு முன்னால் மதிப்பு

மந்தாரக்குப்பத்தில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டுக்கு என்ன விலை என்று கேட்டால் நாலு பதில் வரும். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. புரோக்கர் வாயில் வருவது ஒன்று. வங்கி கடனுக்காக எழுதுவது ஒன்று. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிறவர்களின் கணக்கு இன்னொன்று. நாலுமே பொய்யல்ல; ஒவ்வொன்றும் வேறு வேலைக்கானது, வேறு தேதிக்கானது. அண்ணன் ஒரு விலையையும் தங்கை இன்னொரு விலையையும் பிடித்துக்கொள்ளும்போதுதான் சண்டை மூளுகிறது.

ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்காக மட்டும் சொத்தை மதிப்பிட வேண்டியதில்லை. நம் நாட்டில் வாரிசுரிமை வரி இல்லை. இருந்த எஸ்டேட் டியூட்டியையும் 1985-லேயே எடுத்துவிட்டார்கள். வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பட்டா மாற்றம் ஆகியவைதான் முதல் வேலை. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் குவார்ட்டர்ஸ் நிறுவனத்துடையது, அது பாகத்துக்கு வராது என்பதையும் சொல்லிவிடலாம். அதையும் கணக்கில் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு.

மதிப்பீடு அவசியமாகிற முதல் இடம் பாகப்பிரிவினை. வழக்கமாக நடப்பது இதுதான்: வீட்டை அண்ணன் வைத்துக்கொள்வார், வெளியூரில் கட்டிக்கொடுத்த தங்கைக்கு ஒரு தொகை கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்குவார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. "கைடுலைன்படி இவ்வளவுதான்மா" என்பார்கள். வழிகாட்டி மதிப்பு முத்திரைக் கட்டணத்துக்காகத் தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் அரசு வைத்த எண். உங்கள் வீட்டை யாரும் வந்து பார்த்து வைத்ததல்ல. மூலைமனையா, கிணறு இருக்கிறதா, கடைக்கு வாடகை வருகிறதா என்று அதற்குத் தெரியாது. 2017-ல் 33 சதவீதம் குறைத்தார்கள், பிறகு ஏற்றினார்கள். அதனால் உங்கள் வீடு ஒரே நாளில் மலிந்துவிடவும் இல்லை, விலை ஏறிவிடவும் இல்லை.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பங்கு சமம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பங்கின் விலையில் ஏமாற்றுவதுதான் இப்போதைய வழி. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி வழக்குப் போடலாம். ஆனால் நிரூபிப்பது கடினம். கையெழுத்துக்கு முன்னால் ஒரு மதிப்பீட்டு அறிக்கை கேட்பது எளிது. அதே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது: முதல் வகை வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால், மற்றவர்கள் தங்களுக்கே முதலில் தரச் சொல்லிக் கேட்கலாம். விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும்.

இரண்டாவது, விற்பனை. அப்பா 1984-ல் 60,000 ரூபாய்க்கு வாங்கிய வீட்டைப் பிள்ளைகள் 2025 செப்டம்பரில் 24 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கிய விலையைக் காட்டினால், 12.5 சதவீதக் கணக்கில் 2,92,500 ரூபாய் வரி. 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பைக் காட்டலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அப்படி 6 லட்சம் என்று அறிக்கை இருந்தால், பணவீக்கக் குறியீட்டுக் கணக்கில் வரி 28,800 ரூபாய்க்கு இறங்கிவிடும் (செஸ் தனி). விற்ற பிறகு பழைய வீடு இடிபட்டுப் போனால், மதிப்பீட்டாளர் எதை அளப்பார்? அறிக்கையை விற்பதற்கு முன்னாலேயே வாங்கிவிட வேண்டும்.

மூன்றாவது இந்தப் பகுதிக்கே உரியது: நில எடுப்பு. தமிழ்நாட்டில் தொழில் தேவைக்கான எடுப்பு 1997 மாநிலச் சட்டப்படி நடக்கிறது. இழப்பீட்டுக் கணக்குக்கு 2013 மத்தியச் சட்டம். அதில் வழிகாட்டி மதிப்பையும், சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் அதிக விலைக்குப் போன பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, கூடுதலானதை எடுப்பார்கள். பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க ஊரே விலையைக் குறைத்து எழுதினால், அந்தக் குறைந்த விலைதான் இழப்பீட்டுக்கும் அடிப்படை. கிராமப்புற நிலத்துக்குப் பெருக்கல் காரணியும், அதற்கு மேல் நூறு சதவீத ஆறுதல் தொகையும் சேரும்.

மண்ணுக்கு மேலே இருப்பதற்குத் தனி மதிப்பு உண்டு: வீடு, போர், தென்னை, நிற்கிற பயிர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட நெல் வயலுக்குள் என்.எல்.சி. இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டதுதான், ஆனாலும் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பயிர் அடங்கலில் ஏறியிருக்கிறதா, மரங்களின் எண்ணிக்கை அளவைப் பட்டியலில் சரியா என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்து வாரிசுகள் அடித்துக்கொண்டால், பணம் உங்கள் கைக்கு வராது, டெபாசிட்டில் கிடக்கும். தொகை போதாது என்றால் ஆட்சேபணை எழுதிக்கொடுத்துவிட்டே வாங்குங்கள். கூட்டிக் கேட்பதற்குக் காலக்கெடு உண்டு, உத்தரவு கைக்கு வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.

மதிப்பீட்டாளர் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நேரில் வந்து டேப் வைத்து அளக்காமல், மூலப்பத்திரத்தைப் பார்க்காமல், போட்டோவை வைத்து எழுதிக் கொடுப்பவர் வேண்டாம். மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டணம் என்பவரும் வேண்டாம். விலையை ஏற்றினால் அவருக்கும் லாபம். அறிக்கையில் எந்தத் தேதிக்கான மதிப்பு, எதற்காக என்ற இரண்டும் இருக்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளை வைத்துச் செலவைப் பகிர்ந்துகொண்டால், பாதி வழக்கு கோர்ட் வாசலையே மிதிக்காது.

பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தாலே போதும்.