கறிக்கடையிலிருந்து உறைபெட்டிக்கு

ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றி வந்த பெரியவர் ஒருவர், முழங்கால் வலிக்கு 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தினம் நான்கு வேளை தேய்க்கிறார். அதில் ரத்தத்துக்குப் போவது எவ்வளவு? அதே மருந்தை மாத்திரையாக விழுங்கினால் சேர்வதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். தடுத்து நிறுத்துவது தோலின் மேலடுக்கு. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாது.

புதிய களிம்பு வரும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். அதற்கு உயிருள்ள விலங்குகள்தான் வேண்டுமா? அவற்றை வதைக்காமல் அறிவியல் நடக்க முடியும் என்ற குரல் திருச்சியிலிருந்தும் எழுந்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அக்பர்ஷா வழிநடத்திய மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம், உயிரியல் கல்வியில் விலங்குகளுக்கு மாற்றுவழிகளை வலியுறுத்தியது. 2011-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் வகுப்பறைகளில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது.

களிம்புச் சோதனைக்கு ஒரு நல்ல மாற்று, இறைச்சிக்கென்று ஏற்கெனவே அறுத்த விலங்கின் தோல். பன்றிக் காதின் தோல் மனிதத் தோலுக்கு நெருக்கமானது. நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது ஆட்டுத்தோல். 1975-இல் தாமஸ் ஃப்ரான்ஸ் வெளியிட்ட ஆய்வால் பரவிய கண்ணாடிக் கலத்தில் அதைப் பொருத்துவார்கள். மேலே களிம்பு, கீழே கரைசல். தோலை 32 டிகிரி சூட்டில் வைத்து, இறங்கும் மருந்தை மணிக்கணக்கில் அளப்பார்கள்.

சோதனை உருப்படுமா என்பது கறிக்கடையிலேயே முடிவாகிவிடும்.

வெந்நீர் ஊற்றிச் சுரண்டிய பன்றிக் காதும் தீயில் வாட்டிய ஆட்டுத் தலையும் உதவாது. 60 டிகிரி வெந்நீரில் ஓரிரு நிமிடம் கிடந்தாலே மேல்தோல் கழன்றுவிடும். திருச்சி செம்பட்டிலுள்ள தோல் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவதுபோல உப்புப் போட்டாலும் கெட்டது; உப்பு தோலின் நீரையெல்லாம் இழுத்துவிடும். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, ஊடுருவலையே மாற்றிவிடும்.

தோல் சூடு ஆறுவதற்குள் ஐஸ் பெட்டிக்குப் போக வேண்டும். ஆய்வகத்தில் குளிர்ந்த நீரில் கழுவி, மயிரைக் கத்தரியால் நறுக்குவார்கள். சவரக்கத்தி பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அடிக்கொழுப்பை வழித்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, சுருக்கமில்லாமல் விரித்து, அலுமினியத் தாளில் சுற்றி, தேதி எழுதி மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. பனிப்படிகங்கள் திசுவைக் கிழித்துவிடும். நீண்ட மின்வெட்டு ஒன்றே போதும், ஒரு மாத உழைப்பு வீணாக.

மேலடுக்கு இறந்த செல்களும் கொழுப்பும்தான் என்பதால் உறைபனியைப் பெரும்பாலும் தாங்கிவிடுகிறது. அடியிலுள்ள உயிர்ச் செல்களின் நொதிகளுக்கு அந்தத் திராணி இல்லை. தோலுக்குள் போய் உருமாறி வேலைசெய்யும் மருந்தென்றால் அன்றன்று எடுத்த தோல்தான் வேண்டும்.

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) 2004-இல் வெளியிட்ட 428-ஆம் சோதனை வழிகாட்டியின்படி, தோலின் தடுப்புத்திறன் சிதையவில்லை என்பதையும் சரிபார்க்க வேண்டும். ‘உள்ளூர் கறிக்கடையில் வாங்கிய தோல்’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் ஆய்வறிக்கையை நம்ப முடியாது. எப்போது எடுத்தது, எத்தனை நாள் உறைந்திருந்தது என்பதை எழுதியே ஆக வேண்டும்.

2023-இல் திருத்தப்பட்ட இந்திய மருந்து விதிகள், மனித செல்களைக் கொண்டு செய்யும் சோதனைகளுக்கும் இடம் கொடுத்தன. தோலையே ஆய்வகத்தில் வளர்க்கும் வித்தை பற்றி அடுத்த இதழில்.