மெலிமுனையமும் தோட்டப்பள்ளிக் கணினி அறையும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்வெட்டு நடந்த காலத்தை அறிந்தோர்க்கு இக்கருத்தை விளக்குவது எளிது. மரந்தோறும் ஒரு மங்கு இருந்தது. பாலை உறைய வைப்பதும் தகடாக்குவதும் ஆலையில் ஓரிடத்தே நடைபெற்றன. தோட்டங்களிற் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிய பின்னும் குலைகள் ஆலைக்கே செல்கின்றன. கணினி அறைகளிலோ நாம் மேசைதோறும் ஓர் ஆலையை நிறுவி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பேணி வருகிறோம்.

இதற்கு மாற்றான ‘தின் கிளையண்ட்’ என்பதை மெலிமுனையம் எனலாம். மேசைமேல் திரையும் விசைப்பலகையும் சிறு செயலியும் இருந்தால் போதும், வன்தட்டு வேண்டுவதில்லை. மின்னூட்டியதும் அது பிணையக் கம்பி வழியே வழங்கியிடமிருந்து இயங்குதளத்தைப் பெற்றுத் தொடங்கும். நிரல்கள் வழங்கியில் ஓடும். முனையம் விசையழுத்தங்களை அனுப்பித் திரைக்காட்சியைப் பெறும். 1999இல் ஜிம் மெக்குவிலன் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட், பழைய கணினிகளையும் இவ்வாறு பயன்படுத்தும் வழியைக் கட்டற்ற மென்பொருளாகத் தந்தது.

150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளியை நம் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகிறது. அத்தகைய தோட்டப்பள்ளியில் வகுப்பெடுக்கும் ஆசிரியரே கணினி அறையையும் பேண நேர்ந்தால், 20 கணினிகளில் தமிழ் 99 விசைப்பலகையை நிறுவுவதிலேயே அவருடைய மாலைப்பொழுது கழியும். வழங்கியில் அது ஒருமுறை வேலை.

நிரலாக்கம் கற்பிப்போர்க்குப் பயன் இன்னும் பெரிது. பைத்தான் 2இல் அடைப்புக்குறியின்றி எழுதிய அச்சுக் கட்டளை ஒழுங்காக ஓடும். பைத்தான் 3 அதனைப் பிழையெனத் தள்ளிவிடும். ஒரு மேசையில் முந்தையதும் அடுத்த மேசையில் பிந்தையதும் இருப்பின், கணினியில் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் மாணவனின் நிரலில் தேடிக்கொண்டிருப்பார். பாவம், மாணவனும் தன்னையே நொந்துகொள்வான். மென்பொருள் உருவாக்குநர்க்கும் இத்தொல்லை உண்டு. எல்லார்க்கும் ஒரே பதிப்பு என்பதே மையப்படுத்தலின் தலையாய நன்மை.

விலையும் உண்டு. முன்னாளைய வழிகாட்டி, வழங்கிக்கு 256 மெகாபைட்டும் ஒவ்வொரு பயனர்க்கும் 192 மெகாபைட்டும் நினைவகம் கேட்டது. 20 பேருக்கு 4,096. இன்றைய இணைய உலாவிகளுக்கு இக்கணக்கு எள்ளளவும் போதாது. மேலும், முடிவிலாச் சுழற்சியை ஒரு மாணவன் எழுதிவிட்டால் வகுப்பு முழுதும் தளரும். நிரலாக்க வகுப்புக்கு அத்திட்டத்தின் அண்மைப் பதிப்புகள் பின்பற்றும் முறையே ஏற்றதென நாம் கருதுகிறோம்: இயங்குதளமும் கோப்புகளும் வழங்கியில் இருக்க, நிரல் முனையத்தின் செயலியிலேயே ஓடும். சுழற்சி அந்த ஒரு மேசையை மட்டுமே நிறுத்தும். ஆனால் இம்முறைக்குச் சற்று வலிய முனையங்கள் தேவை. மிகப் பழைய கணினிகள் உதவா.

வழங்கி பழுதுற்றால் எல்லா மேசைகளும் ஒருசேர நின்றுவிடும். இடிமின்னல் மிகுந்த நம் நாட்டில் வழங்கிக்குத் தடையிலா மின்வழங்கி வேண்டும். மாணவர் கோப்புகளின் படி ஒன்றைப் பிறிதொரு வன்தட்டில் நாள்தோறும் எடுத்து, வேறோர் அறையில் வைத்தல் வேண்டும்.